ஆடு கொடுக்காமல் வந்த இளையாள்

அப்பா ஒரு முடிவு எடுத்தார். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் முடிவு எடுப்பது அம்மா. அப்பா எடுப்பது அளவு. சந்தையில் தையல் கடை வைத்திருக்கிறார். சட்டை அளவு, பாவாடை அளவு, பள்ளிச் சீருடை அளவு. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சாப்பாட்டு நேரம். உகாலியை, எங்கள் சோளக் களியை, உருட்டிக்கொண்டே சொன்னார்.

"கலுக்கி அம்மா, கேட்டுக்க. உன்னை மொம்பாசாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். கடலைக் காட்டறேன். அடுத்தவன் வண்டியில இல்ல. சொந்த வண்டியில."

"சொந்த வண்டியா? உங்க தையல் மிஷினுக்குத்தான் சக்கரம் இருக்கு. அதுவும் ஒண்ணே ஒண்ணு."

கலுக்கி நான்தான். கடல் என்பது அப்பா கல்யாணத்தன்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அதற்குப் பிறகு நான் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்தையும் முடித்து, தேர்வு முடிவுக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கடல் வந்தபாடில்லை. அப்பாவின் பெயர் கியாலோ. எங்கள் பேச்சில் கியாலோ என்றால் பயணம். சந்தைக்குப் போகிற வழியில் பிறந்தாராம், அதனால் அந்தப் பெயர். பிறந்த அன்று செய்ததுதான் அவருடைய பெரிய பயணம். அதற்கு மேல் வீடு, கடை, வீடு, கடை.

"எந்த வண்டிங்க?" என்றாள் அம்மா.

"தேவாலயத்துக்குப் பின்னாடி நிக்குதே. லேண்ட் ரோவர்."

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். "அதுவா? அது வண்டி இல்லீங்க. ஆட்டுப் பட்டி."

அம்மா பொய் சொல்லவில்லை. எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஓட்டிய வண்டி. அவர் போனார், வண்டி நின்றது. நின்ற இடத்தில் மரம் முளைத்தது. உள்ளே ஆடுகள் படுத்துக் குட்டி போட்டன. இப்போதைய பாதிரியார் மத்தேகாவுக்கு அந்த இடத்தில் கழிப்பறை கட்ட வேண்டும். பூசை அங்கி தைத்துக் கொண்டுபோன அப்பாவிடம், "கியாலோ, இதை யாராவது எடுத்துட்டுப் போனா அவங்களுக்கு மோட்சம்" என்றிருக்கிறார். அப்பாவுக்கு மோட்சம் என்றது கேட்கவில்லை. எடுத்துட்டுப் போ என்றது மட்டும் கேட்டிருக்கிறது.

மறுநாளே கொண்டு வந்துவிட்டார். இழுத்தவை கிலோன்ஸோ பெரியப்பாவின் மாடுகள். இவர் அப்பாவுக்குப் பெரியப்பா மகன். பக்கத்து வீடு. ஆற்று மணல் அள்ளி விற்பவர். கொஞ்சம் பொறுங்கள், இவரிடம் பிறகு வருகிறேன்.

தேவாலயம் மேட்டில். எங்கள் வீடு பள்ளத்தில். மாடுகள் முன்னால் வர, வண்டி பின்னால் குலுங்கி வந்தது. ஊர்ப் பெண்கள் விடுவார்களா? யாரோ ஒருத்தி குலவையிட்டாள். அடுத்தவள் கல்யாணப் பாட்டை எடுத்தாள். அப்பா ஓட்டுநர் இருக்கையில். இருக்கை என்றால் கம்பி. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வண்டியில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான். பாட்டும் குலவையும் மனிதரின் தலைக்கு ஏறிவிட்டன. எழுந்து நின்று கத்தினார்.

"பாத்துக்கங்க! கியாலோ ரெண்டாவது பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துட்டான்!"

ஊர் சிரித்தது. வாசலில் மாடுகள் நின்றன. வண்டி நிற்கவில்லை. பிரேக் இருந்தால்தானே! மாடுகள் விலகிக்கொண்டன. வண்டி நேராகப் போய் அம்மாவின் கீரைப் பாத்தியில் ஏறி, இருமிவிட்டு, உட்கார்ந்தது.

அம்மா பாத்தி ஓரத்தில் நின்றிருந்தாள். கையில் களைக்கொட்டு. ஆனால் அம்மா கத்தவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். ஒரு விளக்கு உடைந்திருந்தது. இன்னொரு விளக்குக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

"ஒத்தைக் கண்ணி," என்றாள்.

"பழகினா நல்லவ," என்றார் அப்பா, இன்னும் சிரிப்பு தீராமல்.

"மூத்தவ சம்மதம் இல்லாம எளையவ வாசல் தாண்டக் கூடாது. இவ தாண்டிட்டா. என் கீரையையும் மிதிச்சிட்டா. சரி, போகட்டும். பொண்ணு வீட்டுக்கு ஆடு குடுத்தீங்களா?"

"ஆடா? பாதிரியார் சும்மாதான் குடுத்தார்."

"ஆடு குடுக்கல."

"வண்டிக்கு யாராவது ஆடு குடுப்பாங்களா?"

"வண்டின்னு நான் சொல்லலையே. பொண்டாட்டின்னு நீங்கதான் ஊர் கேக்கச் சொன்னீங்க."

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். பெண் எடுப்பவன் பெண் வீட்டுக்கு ஆடு கொடுக்க வேண்டும். மோதிரம் மாற்றலாம், கேக் வெட்டலாம், போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பலாம். ஆடு போய்ச் சேராத வரை அவள் கூட்டி வந்தவள்தான், கட்டியவள் இல்லை.

அம்மா அதோடு விட்டுவிட்டாள். வண்டியின் மூக்கில் தண்ணீர் தெளித்து, "வா தங்கச்சி. நிறைய வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கீரையைப் பொறுக்கப் போனாள். அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஜெயித்துவிட்டாராம். பாவம்.

வேலை ஆரம்பித்தது. மெக்கானிக் என்றால் முதலில் பானட்டைத் திறப்பான். அப்பா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். வண்டிக்கு மார்பளவு எடுத்தார். இடுப்பளவு எடுத்தார். துரு இருந்த இடமெல்லாம் தையல் சாக்கட்டியால் வட்டம் போட்டார். மேல் தகடு அலுமினியம், அது துருப்பிடிக்கவில்லை. துரு எல்லாம் கீழே, வண்டியையே தாங்குகிற இரும்புச் சட்டத்தில். நான் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன். உகாலிக்குள் விரல் போவது போல உள்ளே போனது.

"அப்பா, இது ஓட்டை."

"ஒட்டுப் போட்டுடலாம்."

"அப்பா, இது கால்சட்டை இல்ல."

"எல்லாமே கால்சட்டைதான்டி. கிழிஞ்ச எடத்துல புதுசு, நல்ல எடத்துல பழசு. துணிக்கு ஊசி, இரும்புக்கு வெல்டிங். அவ்வளவுதான்."

சொன்னவர் முதலில் என்ன வேலை செய்தார் தெரியுமா? மெத்தை தைத்தார். என்ஜின் சுற்றவில்லை, சக்கரத்தில் காற்றில்லை, பிரேக் என்ற ஒன்று எங்கே இருக்கும் என்றே தெரியவில்லை. இவர் கடையிலிருந்து நல்ல பச்சைத் துணியாக எடுத்து வந்து, பஞ்சு அடைத்து, ஒரே ஒரு இருக்கைக்கு மெத்தை தைத்தார். ஓட்டுநர் இருக்கைக்கு இல்லை. பக்கத்து இருக்கைக்கு. அம்மாவைக் கூப்பிட்டு அளவு எடுக்கவில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தது.

"என்ஜின் ஓடாத வண்டிக்கு மெத்தை எதுக்குப்பா?"

"என்ஜின் ஓடுன பொறவு தைக்க நேரம் இருக்காதில்ல? கெளம்பிடுவோமே."

இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது!

என்ஜின் இறுகிப் போயிருந்தது. முன்பக்கம் ஹேண்டில் போட்டு அப்பா தொங்கினார். நான் தொங்கினேன். இருவரும் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை. நான் போனில் வீடியோ தேடினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்று, அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்று, ஊறவிடு, காத்திரு என்றான் ஒருவன். எனக்குப் பிடிக்காத வார்த்தையே காத்திரு. அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. சாயங்காலம் கடையிலிருந்து வருவார். டீசல் ஊற்றுவார். பானட்டைத் தட்டிக் கொடுப்பார். "ஊறட்டும். அவசரப்படுத்தக் கூடாது."

அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"எளையாளுக்கு டீசல். மூத்தாளுக்கு டீ கூட இல்ல."

அப்பா பதறிப் போய் டீ போட்டுக் கொடுப்பார்.

இப்படித்தான் தொடங்கியது. எங்கள் பக்கம் ரெண்டு பெண்டாட்டிக்காரன் ஒருத்திக்கு ஒன்று செய்தால் இன்னொருத்திக்கும் செய்தாக வேண்டும். அம்மா அதைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு மேல கித்தான் போட்டுக் கூரை தைக்கறீங்களாமே?"

"ஆமா. மழை வந்தா நனைஞ்சிடுவாளே."

"என் அடுப்படியும் நனையுது. போன மழைக்கு நனைஞ்சுது, அதுக்கு முந்தின மழைக்கும் நனைஞ்சுது. நான் மழையில மொளைச்சவளா?"

அடுப்படிக்குப் புதுத் தகரம் வந்தது.

"அவ கதவுக்குக் கீல் போட்டு எண்ணெய் விட்டீங்களாமே?"

வீட்டுக் கதவு நிமிர்ந்தது. வருஷக்கணக்கில் தோள் கொடுத்துத் தூக்கித்தான் அதைத் திறப்போம். இளையாளுக்குக் கண்ணாடி, மூத்தாளுக்கு ஜன்னல். இளையாளுக்குப் படி, மூத்தாளுக்குப் படி. கொஞ்ச நாள் போனதும் எனக்கு விஷயம் புரிந்தது. வண்டி அப்படியே நிற்கிறது. வீடுதான் புதுசாகிக்கொண்டு வருகிறது.

"அப்பா, அம்மா உங்களை வேலை வாங்கறாங்க."

"சேச்சே. பாவம், அவளுக்குப் பொறாமை. பொம்பளை மனசு உனக்கெங்க தெரியும்?"

நானும் பொம்பளைதான் என்பது அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

ஒரு மத்தியானம். அப்பா கடையில். நான் டயருக்கு ஒட்டுப் போடப் பசை தேடிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா வண்டிக்குள் இருந்தாள். பச்சை மெத்தையில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன் கண்ணாடி வழியாக எதிரே பார்த்தபடி. எதிரே இருந்தது எங்கள் கழுதை.

"என்னம்மா பண்றீங்க?"

"கீரைக்குக் காவல்."

இறங்குவாள் என்று பார்த்தேன். இறங்கவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, "கலுக்கி, கடல் தண்ணி உப்பாமே. நெஜமா?"

"நெஜம்தான்."

"பூராவுமா?"

"பூராவும்."

அம்மா கழுதையைப் பார்த்தாள். ஆற்று மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு, கேனில் நிரப்பி, அந்தக் கழுதை முதுகில் ஏற்றி வருவது அவளுடைய காலை.

"அவ்வளவு தண்ணிய வெச்சுக்கிட்டு உப்பா? என்ன அநியாயம்! இதைப் போய்ப் பாத்துத்தான் ஆகணும்," என்றாள். உடனே, "உங்கப்பாகிட்டச் சொன்ன, தொலைச்சிடுவேன்."

நான் சொல்லவில்லை.

இப்போது கிலோன்ஸோ பெரியப்பா. அப்பாவுக்கு ஒரு குறை உண்டு. 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது. தொண்டை வரைக்கும் வரும். அங்கே வளைந்து, 'சரி அண்ணே' ஆகி வெளியே விழும். எங்கள் ஏணி பெரியப்பா வீட்டில். எங்கள் தள்ளுவண்டி பெரியப்பா வீட்டில். அப்பாவின் சைக்கிள் பெரியப்பா வீட்டில் இருந்தது, இப்போது அதன் எலும்புகள் மட்டும் இருக்கின்றன. பெரியப்பா எதையும் திருடுவதில்லை. கேட்டு வாங்குவார். திருப்பிக் கேட்டால் மனம் வருந்துவார். அப்பாவால் அதைப் பார்க்க முடியாது.

வண்டி வந்ததிலிருந்து அவர் தினமும் வந்தார். பாத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல்லைக் குச்சியால் குத்திக்கொண்டு பார்ப்பார்.

"தம்பி, இது எவ்வளவு மணல் தாங்கும்?"

"மணலா? அண்ணே, இது மொம்பாசா போறதுக்கு..."

"மொம்பாசா எங்க ஓடிடப் போகுது? உன் பொண்டாட்டின்னா நம்ம குடும்பத்துப் பொண்டாட்டி. இழுத்துட்டு வந்ததும் என் மாடுதானே. கொஞ்சம் மணல் சுமந்தா எளைச்சுடுவாளா?"

"அதுக்கில்ல அண்ணே... சட்டமெல்லாம் துரு..."

"ஓடட்டும். மொதல்ல ஓடட்டும். பொறவு பாத்துக்கலாம்."

அந்த இரும்புச் சட்டத்தில் நான் குத்திப் பார்த்தவள். மணல் ஏற்றினால் ஆற்றுக்குள் ஒன்றாகப் போகும் வண்டி வெளியே ரெண்டாகத்தான் வரும். அப்பாவிடம் சொன்னேன்.

"பெரியப்பா கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க."

"சொல்லிடறேன்."

"இப்பச் சொல்லிப் பாருங்க. நான்தான் பெரியப்பா. தம்பி, வண்டி குடு."

அப்பா வாயைத் திறந்தார். நெற்றி வியர்த்தது. "ச..." என்றார்.

அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. புது ஜன்னல். அம்மா உள்ளே சோளம் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. பூசைக்குப் போக முடியாத அளவு வலி. முந்தின நாள் சாயங்காலம் ஹேண்டில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது, அதுதான் வலி. எனக்கும் அதே வலி. அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டாள். தலைக்குத் துணி கட்டிக்கொண்டாள். கிளம்பிப் போனாள். வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் பட்டியில் ஆடுகள் கத்தின. அப்பா கவனிக்கவில்லை. நானும்தான்.

வீட்டு விளக்குக்கான சோலார் பேட்டரியைக் கழற்றி வண்டிக்கு மாட்டினோம். குளவிக் கூட்டைப் புகை போட்டு எடுத்தோம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி உயரத்தில் கட்டி, குழாய் போட்டுக் கார்புரேட்டருக்கு விட்டோம். வீடியோக்காரன் அப்படித்தான் செய்தான். அப்பா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தார்.

ஒரு சுற்று. ஒன்றுமில்லை.

இன்னொரு சுற்று. தும்மியது.

அடுத்த சுற்றில் ஹேண்டில் திருப்பி அடித்தது. அப்பா கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு பாத்தியைச் சுற்றிக் குதித்தார். குதித்து முடித்து மறுபடி பிடித்தார். "வாடி," என்றார் மெதுவாக. கெஞ்சுகிற குரல். எனக்கே என்னவோ போல் இருந்தது.

அவள் வந்தாள்.

பின்குழாயிலிருந்து எலிக்கூடு ஒன்று பறந்தது. கரும்புகை. மறுபடியும் கரும்புகை. பிறகு சத்தம், ஊரிலுள்ள அத்தனை உலக்கையும் ஒரே நேரத்தில் குத்துகிற மாதிரி. எங்கிருந்தோ ஒரு கோழி கத்திக்கொண்டு ஓடியது. அப்பா அழுதார். புகை என்றார். புகை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

புகை கலைந்தபோது கிலோன்ஸோ பெரியப்பா நின்றிருந்தார். பூசையிலிருந்து நேராக வந்திருக்கிறார், தொப்பியோடு.

"சத்தம் மேடு வரைக்கும் கேட்டுது! சபாஷ் தம்பி. நாளைக்கு ரெண்டு நடை அடிச்சா போதும். சாவி?"

"சாவி..." என்றார் அப்பா.

"அப்பா!" என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பச்சை மெத்தையைப் பார்த்தார். இல்லை என்ற சொல் தொண்டைக்கு ஏறியதை நான் கண்ணாலே பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது.

"ச... சரி அண்ணே."

எனக்கு ஸ்பேனரை வீசி அடிக்க வேண்டும் போலிருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"யாரு வீட்டுப் பொண்ணை யாரு கேக்கறது?"

அம்மா. பின்னால் தேவாலயப் பாட்டுக் குழுப் பெண்கள் எல்லோரும். அவர்களுக்குப் பின்னால் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு பாதிரியார் மத்தேகா.

"தம்பி பொண்டாட்டிய அண்ணன் கேக்கறேன்மா," என்று சிரித்தார் பெரியப்பா. "அவனே சொன்னான், ஊரே கேட்டுச்சு."

"சொன்னார். ஆடு குடுத்தாரா?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கட்டை விரலைப் பார்த்தார்.

"ஆடு நான் குடுத்தேன்," என்றாள் அம்மா. "இன்னிக்குக் காலையில. பூசைக்கு முன்னாடி. இவங்க எல்லாரும் சாட்சி. கேட்டுப் பாருங்க."

பாட்டுக் குழு ஒரே குரலில் ஆமாம் போட்டது. பாதிரியார் கையைப் பிசைந்தார்.

"நான் காணிக்கைன்னு நெனச்சு வாங்கிட்டேன், கியாலோ. விருந்து வருதே, நல்லதாப் போச்சுன்னு. ஏன், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெரியப்பாவுக்கும் புரிந்துவிட்டது. பல்குச்சி வாயிலிருந்து விழுந்தது.

எங்கள் பக்கம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு, அந்த வீட்டுப் பெண்ணே ஆடு கொடுத்து ஒரு பெண்ணை அழைத்து வரலாம். பிறக்காத மகனுக்கு மனைவியாக, தனக்கு மருமகளாக. இவேட்டோ என்பார்கள். ஆற்றங்கரை வீட்டு விதவை அப்படித்தான் ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறாள், இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். வந்தவள் ஆடு கொடுத்தவளுக்குச் சொந்தம். புருஷனுக்கு இல்லை. அவன் அண்ணனுக்குச் சத்தியமாக இல்லை. எங்கள் வீட்டில் பிள்ளை என்று இருப்பது நான் ஒரு பெண் மட்டும்தான்.

அந்த ஆடுகள் அம்மாவுடையவை. அவளே வளர்த்தவை. யாருக்கும் விற்காமல் வைத்திருந்தவை.

"இவ எனக்கு மருமக," என்றாள் அம்மா. "அப்படின்னா உங்களுக்கு யாரு, பெரியவரே?"

பெரியப்பா ஒரு அடி பின்னால் வைத்தார்.

"நீங்க இவளுக்குப் பெரிய மாமனார். மாமனார் மருமக எதிர்ல நிக்கலாமா? கையைப் பிடிக்கலாமா? இவ வீட்டுக்குள்ள ஏறலாமா? சாவி கேக்கறீங்களே, ஊர் என்ன பேசும்?"

எங்கள் ஊரில் இது விளையாட்டு இல்லை. மாமனார் மருமகளைப் பாதையில் கண்டால் புதருக்குள் ஒதுங்குவார். அத்தனை வெட்கம். பாட்டுக் குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? தொப்பியைக் கழற்றி முகத்துக்குப் பிடித்துக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டியபடி, பக்கவாட்டில் நடந்து போனார். நண்டு மாதிரி. கடல் பார்க்காத ஊரில் நான் பார்த்த முதல் நண்டு.

"பாத்தீங்களா அண்ணே!" என்று அப்பா கத்தினார். இப்போது குரல் நன்றாக வந்தது. "என் வீட்டுக்காரி யாருன்னு பாத்தீங்களா! கலுக்கி அம்மா, நீ இருக்கியே, உன்னை..."

சொல்லத் தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், கிரீஸோடு. அம்மாவும் விடவில்லை. நல்ல உடுப்பில் கறை பட்டது. அவள் அதைக்கூடப் பார்க்கவில்லை.

"முடியாதுன்னு சொல்ல உங்களால முடியாது," என்றாள். "எனக்குத் தெரியாதா? அந்த வாய்க்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன். என்னைக் கட்டிக்கிறீங்களான்னு நான் கேட்ட அன்னிக்கும் சரின்னுதானே சொன்னீங்க."

அப்பா அளவே இல்லாமல் சிரித்தார். அளவு எடுக்கிற மனிதர்! பிறகு உற்சாகமாகப் போய் ஓட்டுநர் கதவில் கையை வைத்தார்.

"நில்லுங்க," என்றாள் அம்மா.

"ஏன்?"

"நீங்க யாரு?"

"நானா? உன் புருஷன்."

"எனக்குப் புருஷன். இவளுக்கு?"

அப்பாவின் கை கதவிலிருந்து தானாகவே இறங்கியது. பாதிரியார் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கலுக்கி அம்மா... மெத்தை தைச்சது நானு. டீசல் ஊத்தினது நானு."

"நல்ல மாமனார். யாரு இல்லைன்னா? ஆனா அவருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டம்னா நாளைக்கே அவர் தொப்பியைப் போட்டுக்கிட்டு திரும்பி வந்துடுவார். கலுக்கி, நீ இவளுக்கு நாத்தனார். நீ ஏறு."

நான் ரெண்டு தடவை சொல்ல விடவில்லை. ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அம்மா சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சை மெத்தையில் ஏறி அமர்ந்தாள்.

"பொண்ணு வீடு வரைக்கும் போய்த் தலையைக் காட்டிட்டு வரலாம். மேடுதான். பிரேக் வேண்டியிருக்காது."

"அப்ப நான்?" என்றார் அப்பா.

"பின்னாடி ஏறிக்கங்க. மாமனார் பின்னாடிதான்."

பின்னால் இருக்கை எல்லாம் இல்லை. தகரம்தான். அப்பா ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனாலும் முகம் பூராச் சிரிப்பு. "மொம்பாசாவுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"அதுக்குள்ள ஒரு மெத்தை தைச்சுக்கங்க," என்றாள் அம்மா.

நான் கியர் போட்டேன். கிளட்ச் எங்கேயோ ஒட்டிக்கொண்டது. வண்டி ஒரு எம்பு எம்பியது, முக்கியது, நின்றுவிட்டது. சத்தம் செத்துப்போனது. பாட்டுக் குழு 'ஐயோ' என்றது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா திரும்பவே இல்லை. முன் கண்ணாடி வழியாக மேட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"மாமனாரே, எறங்குங்க. முகத்தைத்தான் பாக்கக் கூடாது. பின்னாடி இருந்து தள்ளலாம்."